முயலகனின் முகம்

"சாமி முகத்தை எனக்கு ஏன் குடுக்கல?" என்று கேட்டான் சாத்தன்.

பெருந்தச்சர் இளங்காரி கல்லில் காவிக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். கோட்டை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

அடுத்த கோட்டை ஆரம்பித்தார்.

திருவாழிக்கரையில் அப்போது பழைய செங்கல் கோயிலைப் பிரித்துவிட்டுக் கல்லால் கட்டிக்கொண்டிருந்தார்கள். மூலவர் ஓலைக் கூரை போட்ட தற்காலிகச் சன்னிதியான பாலாலயத்தில் பொறுமையாக உட்கார்ந்திருந்தார். தேசமெங்கும் நடந்து வரும் யாத்திரைக்காரர்கள் அங்கேயே அவரைக் கும்பிட்டுவிட்டு, கற்குவியலைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

இளங்காரியின் தகப்பனாரிடம் வேலை கற்றவன் சாத்தன். இளங்காரியைவிட மூத்தவன். தகப்பனார் போன பிறகு மகன் பெருந்தச்சர் ஆனார். அன்றிலிருந்து குரு சீடனை அண்ணே என்று கூப்பிட்டார், சீடன் குருவை ஐயா என்று கூப்பிட்டான். அதில் சாத்தனுக்கு வருத்தம் எதுவும் இல்லை. நிஜமாகவே இல்லை.

அவனுடைய வருத்தமெல்லாம் மருதன்தான்.

மருதன் தெற்கேயிருந்து பிழைக்க வந்தவன். அவன் வந்து பட்டறைக் கூரையைப் பலமுறை மாற்றி வேய்ந்தாகிவிட்டது. ஆனாலும் சாத்தன் வாயில் அவன் 'நேத்து வந்த பய'தான்.

கோயிலின் தெற்குச் சுவர் மாடத்தில் தட்சிணாமூர்த்தி வர வேண்டும். ஆலமரத்தடியில் உட்கார்ந்து, வாயைத் திறக்காமலே பாடம் சொல்லும் சாமி. ஒரு காலை மடித்து, ஒரு காலைத் தொங்கவிட்டிருப்பார். தொங்கவிட்ட காலுக்குக் கீழே ஒரு குள்ள அசுரன் மிதிபட்டுக் கிடப்பான். முயலகன் என்று பெயர்.

எல்லாம் ஒரே கல். சாமியை மருதன் செதுக்கட்டும், முயலகனைச் சாத்தன் செதுக்கட்டும் என்று சொல்லிவிட்டார் பெருந்தச்சர்.

தலை நரைத்தவனுக்கு அசுரன். நேற்று வந்தவனுக்கு சாமி.

இதையே சாத்தன் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டான்.

*

கல்லை மாடத்தில் நிறுத்தியாயிற்று. மருதன் சாரத்தில் ஏறி நின்று மேலே செதுக்கினான். சாத்தன் தரையில் பலகை போட்டுக் கீழே செதுக்கினான்.

மேலே தட்டியதெல்லாம் கீழே இருந்தவன் தலையில் விழுந்தது.

"அண்ணே, தலைய மூடிக்கங்க," என்று மேலேயிருந்து குரல் வரும்.

அக்கறையாகத்தான் சொல்வான். அதுதான் சாத்தனால் தாங்க முடியாததாக இருந்தது. திட்டினால் திருப்பித் திட்டலாம். அக்கறைக்கு என்ன செய்வது?

ஈரத் துண்டை எடுத்துப் புருவம்வரை இழுத்துக் கட்டிக்கொண்டான். நிமிரவே மாட்டான். நிமிர்ந்தால் கண்ணில் தூள் விழும் என்பான். அது பாதி உண்மை.

ஒருநாள் பொறுக்க முடியாமல் பெருந்தச்சரிடம் போனான்.

"அவன் கையில இருக்கிறது என்ன, என் கையில இல்லாதது என்ன? அத மட்டும் சொல்லிடுங்க ஐயா. நான் பாட்டுக்குப் போயிடறேன்."

பெருந்தச்சர் தெற்குச் சுவரைக் கைகாட்டினார்.

"பாருங்கண்ணே."

சாத்தன் திரும்பிப் பார்த்தான்.

"என்ன பாத்தீங்க?"

"மருதன் நிக்கிறான்."

"அப்புறம்?"

"நாக்கத் துருத்திக்கிட்டு வேல செய்யறான்."

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

பெருந்தச்சர் கையை இறக்கிக்கொண்டு காவிக்கட்டியைத் தேடப் போய்விட்டார்.

இதென்ன பதில் என்று சாத்தன் வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தான். பலகையில் உட்கார்ந்தான். உளியை எடுத்தான்.

எதிரே முயலகன். உடம்பு முடிந்திருந்தது. கை முடிந்திருந்தது. கையில் பிடித்த பாம்பு முடிந்திருந்தது. முகம் மட்டும் இன்னும் வெறும் கல்லாக இருந்தது.

மேலே டக், டக் என்று சத்தம். துண்டின்மேல் தூள் விழுந்தது.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது.

*

அதற்குப் பிறகு சாத்தன் ஆளே மாறிவிட்டான்.

மருதன் சோறு தின்ன இறங்கினால் எதிரே போய் உட்கார்ந்துகொள்வான். மருதன் பேசினால் கேட்டுக்கொள்வான். மருதன் மரத்தடியில் படுத்துத் தூங்கினால், கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பான்.

"சாத்தண்ணனுக்கு எம்மேல பாசம் வந்துடுச்சு," என்று மருதன் எல்லாரிடமும் சொன்னான். சந்தோஷமாகச் சொன்னான்.

சாத்தன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். எப்போதோ கல் தெறித்து இடது புருவத்தில் விழுந்த வெட்டு. அகன்ற மூக்கு. கிழிந்து தைத்த காது மடல். எல்லாவற்றுக்கும் மேலாக அந்த நாக்கு. வேலையில் முழுகிவிட்டால் மருதனின் நாக்கு நுனி உதட்டோரமாக வெளியே எட்டிப் பார்க்கும். பட்டறையில் எல்லாருக்கும் தெரிந்த நாக்கு.

ஒவ்வொன்றாக முயலகன் முகத்தில் இறங்கியது.

சாத்தன் ஏனோதானோவென்று வேலை செய்பவன் இல்லை. நல்ல வேலைக்காரன். இந்த முகத்துக்குச் செலவழித்த கவனத்தை அவன் அதுவரை எந்தக் கல்லுக்கும் செலவழித்ததில்லை. வேலை முடிந்ததும் ஈரத் துணியைப் போட்டு மூடிவிட்டுப் போவான். தூள் படாமல் இருக்க என்பான்.

மிதிபட்டுக் கிட, என்று அந்த முகத்தைப் பார்த்து மனசுக்குள் சொல்லிக்கொள்வான். கல் உள்ள காலம்வரைக்கும் மிதிபட்டுக் கிட. ஊர் உலகமெல்லாம் வந்து பார்க்கட்டும்.

ஒரு பிற்பகல் பெருந்தச்சர் சுற்றிப் பார்க்க வந்தார். நின்றார். குனிந்தார். துணியைத் தூக்கினார்.

சாத்தன் பலகையைவிட்டுப் பாதி எழுந்தான்.

பெருந்தச்சர் அந்த முகத்தை நிதானமாகப் பார்த்தார். சாரத்தில் நின்றிருந்தவனை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். மறுபடி முகத்தைப் பார்த்தார்.

"மூக்கு இன்னும் கொஞ்சம் அகலம்ணே," என்றார்.

துணியைப் பழையபடி போட்டுவிட்டுப் போய்விட்டார்.

சாத்தன் அவர் போன திசையையே பார்த்தான். பிறகு அவனுக்குச் சிரிப்பு வந்தது. ஐயாவுக்கும் இவனைப் பிடிக்கவில்லை! வெளியே காட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்!

அன்று ராத்திரி வயிறு நிறையச் சாப்பிட்டான். மறுநாள் மூக்கை அகலமாக்கினான்.

*

குடமுழுக்கு வந்தது.

திரை கட்டி, பெருந்தச்சர் பொன் ஊசியால் ஒவ்வொரு சாமிக்கும் கண் திறந்தார். கண் திறந்துவிட்டால் அதன் பிறகு அது கல் இல்லை. செதுக்கியவனே ஆனாலும் தொடக்கூடாது. உளி படவே கூடாது. அர்ச்சகர் மட்டும் தொடலாம். தச்சன் ஊர்க்காரர்களோடு ஊர்க்காரனாகத் தள்ளி நின்று கும்பிட வேண்டியதுதான்.

தெற்கு மாடத்தின் திரையை விலக்கினார்கள்.

கூட்டம் அப்படியே நின்றுவிட்டது. யாரோ விம்மினார்கள். யாரோ கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். எல்லாரும் அந்த முகத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சாத்தன் மருதனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எப்போது பார்ப்பான்? எப்போது குனிவான்?

முதலில் பார்த்தவன் சுண்ணாம்பு வேலைக்காரன் ஒருவன். "டேய், கீழ பாருடா! நம்ம மருதன்டா!"

"அட ஆமாம்! நாக்கப் பாரு, நாக்க!"

குபீரென்று சிரிப்பு கிளம்பியது. வேலைக்காரர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து சிரித்தார்கள். மருதன் ஒன்றும் புரியாமல் கூட்டத்தைப் பார்த்தான். பிறகு எல்லாரும் கைநீட்டிய இடத்தைப் பார்த்தான்.

அவன் முகம் வெளுத்தது.

சாத்தனுக்கு உள்ளங்கால்வரை இனித்தது. எத்தனை காலமாகத் தலையில் விழுந்த தூள்! எல்லாம் இந்த ஒரு நொடியில் தீர்ந்தது.

அந்த நேரம் பார்த்து அர்ச்சகர் பால் குடத்தைச் சாய்த்தார்.

பால் சாமியின் சடையில் விழுந்தது. நெற்றியில் வழிந்து, மார்பில் வழிந்து, தொங்கவிட்ட கால் வழியாக இறங்கியது. பெருவிரல் நுனியில் சேர்ந்து சொட்டியது. எல்லாம் சாமியைத் தொட்டு வந்த பால். ஒரு துளியும் வீணாகாமல் முயலகனின் கன்னத்தில் விழுந்தது. கன்னத்திலிருந்து உதட்டோரம் எட்டிப் பார்த்த நாக்கில் விழுந்தது.

கூட்டத்தில் ஒரு யாத்திரைக்காரி, புழுதி படிந்த காலோடு வந்து நின்றவள், இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கினாள்.

"யாரு பெத்த புள்ளையோ! நாம இம்புட்டுத் தூரம் நடந்து வந்து எட்ட நின்னு பாக்கறோம். இவன் காலடியிலேயே கெடக்கானே!"

சிரிப்பு நின்றது.

முன்வரிசையில் ஒருவன் தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தான். சுண்ணாம்பு வேலைக்காரன் மெதுவாகக் கைகூப்பினான். அர்ச்சகர் சாமியின் பாதத்தில் பூ வைத்தார். மிச்சப் பூவை முயலகன் தலையில் வைத்தார்.

மருதன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். நேராகச் சாத்தனிடம் வந்தான்.

அடிக்கப்போகிறான் என்று நினைத்தான் சாத்தன். அடிக்கட்டும் என்றும் நினைத்தான்.

மருதன் அவன் காலில் விழுந்தான்.

"அண்ணே! நான் சாமியச் செஞ்சு முடிச்சேன், இனிமே தொடக்கூடாதுன்னுட்டாங்க. ராத்திரியெல்லாம் அழுதேன்ணே. நீங்க என்னையக் காலடியிலேயே கெடத்திட்டீங்களே! எங்கப்பன்கூட எனக்கு இப்படிச் செய்யலண்ணே!"

அவன் அழுகையை நிறுத்தவில்லை. சாத்தனின் காலை விடவும் இல்லை.

சாத்தன் முயலகன் தலையிலிருந்த பூவைப் பார்த்தான்.

*

சாயங்காலம் பெருந்தச்சர் பட்டறையில் உளிகளை எண்ணெய் தடவித் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். வேலை முடிந்துவிட்டது. அடுத்த ஊருக்குக் கிளம்ப வேண்டும்.

சாத்தன் வந்து நின்றான். கண் சிவந்திருந்தது.

"ஐயா, ஒரே ஒரு நாழி. உளி வைக்க விடுங்க."

"எங்கண்ணே?"

"முயலகன் முகத்துல."

"கண் தொறந்தாச்சு."

"அது தப்பான முகம் ஐயா!"

"மூக்குகூடச் சரியா இருந்துச்சே."

சாத்தன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அவனுக்கு வெட்கமெல்லாம் போய்விட்டது.

"அந்த எடம் எனக்கு வேணும். நான் செஞ்ச எடம். நான் உட்கார்ந்த எடம். மேலயும் அவன், கீழயும் அவனா? அவன் மூஞ்சிய எடுத்துட்டு என் மூஞ்சிய வைக்கிறேன். மிதிபட்டுக் கெடக்கிறேன் ஐயா. எனக்கு அது போதும்."

காலையில் அவனுக்கு மருதன்மேல் இருந்த பொறாமை சாமி முகத்துக்காக. இப்போது அசுரன் முகத்துக்காக. அவ்வளவுதான் வித்தியாசம்.

பெருந்தச்சர் கையிலிருந்த உளியைக் கீழே வைத்தார்.

"கண்ண மூடுங்கண்ணே."

மூடினான்.

"மருதன் முகம் தெரியுதா?"

உடனே தெரிந்தது. புருவத்து வெட்டு தெரிந்தது. காதில் தையல் தெரிந்தது. நாக்கு நுனியின் ஈரம்கூடத் தெரிந்தது.

"தெரியுது."

"அவனுக்கு மேல சாமி முகம். அதச் சொல்லுங்க. உதடு சிரிக்குதா? கண்ணு கீழ பாக்குதா, நேர பாக்குதா?"

சாத்தன் தேடினான். பாதம் தெரிந்தது. பெருவிரல் தெரிந்தது. முழங்கால் தெரிந்தது. அதற்குமேல் ஈரத் துண்டின் விளிம்பு வந்து மறைத்தது.

மறுபடி தேடினான். சாரத்தில் நின்ற மருதனின் முதுகு தெரிந்தது. பட்டறை ஓசை கேட்டது. முகம் வரவில்லை. இன்று காலை திரை விலகிய நேரத்தை நினைத்துப் பார்த்தான். கூட்டம் அண்ணாந்து நின்றது. அப்போதும் அவனுக்குத் தெரிந்தது மருதன்தான்.

கண்ணை மூடியபடியே உட்கார்ந்திருந்தான். இமை ஓரத்தில் நீர் இறங்கியது.

"ஐயா." கண்ணைத் திறந்தான். "ஒரு தடவ... போய்ப் பாத்துட்டு வரட்டுமா?"

பெருந்தச்சர் வாசல் பக்கம் திரும்பினார். கோயிலிலிருந்து யாத்திரைக்காரர்களின் வரிசை ஆற்றங்கரைவரை நீண்டு கிடந்தது.

"கடைசியில போய் நில்லுங்கண்ணே," என்றார்.