முதல் தாம்பூலம் யாருக்கு?

வெகுகாலத்துக்கு முன்னே, கப்பல்கள் வந்து மொய்க்கும் சங்குமுனைப் பட்டினத்தை இளஞ்சேந்தன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் மூக்குக்கு மேலே கோபம். காலையில் போட்ட உத்தரவை மத்தியானச் சாப்பாட்டுக்குள் மாற்றிவிடுவான். அவனைக் கட்டி மேய்க்கும் பாடு அமைச்சர் மாதவராயருக்கு.

அந்தப் பட்டினத்தில் கோயில் தெரு, பள்ளிவாசல் தெரு, மாதாகோயில் தெரு மூன்றும் ஒட்டி ஒட்டி இருந்தன. ஒரு வருஷம் தேர் போன வழியில் வாய்ச்சண்டை மூண்டு, அது கைகலப்பாகி, மூன்று தெருவிலும் பிணம் விழுந்தது. மாதவராயர் மூன்று வீட்டுக்கும் துக்கம் கேட்கப் போனார். மூன்று வீட்டிலும் ஒரே அழுகையைக் கேட்டார். மறுமாதமே தெருப் பெரியவர்களைக் கடற்கரை மண்டபத்துக்கு அழைத்து ஒன்றாக உட்காரவைத்தார். முதலில் முறைத்துக்கொண்டார்கள். பிறகு மெல்லப் பேசினார்கள். போகப்போக, பௌர்ணமிதோறும் வீட்டுப் பலகாரத்தோடு வந்து சாமியைப் பற்றியும் சம்பந்தியைப் பற்றியும் மணிக்கணக்காகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அதன்பின் தெருவில் யாரும் கம்பைத் தூக்கவில்லை.

இதெல்லாம் வில்வநாதர் என்ற அவைப் பிரபுவுக்கு ஒரே வயிற்றெரிச்சல். ஊரே அமைச்சரைப் புகழ்ந்தால் அவருக்குச் சோறு இறங்குமா? ராஜா ஒருநாள் கூட்டத்துக்கு வர ஆசைப்பட்டதும் போய்க் காதில் ஓதினார்: "மகாராஜா, தாங்கள் இருக்கும் சபையில் முதல் தாம்பூலம் ஒருவருக்குத்தானே? அது யாருக்கு என்று கேட்டுப்பாருங்கள்."

ராஜா பெரியவர்களைக் கூப்பிட்டுக் கேட்டான். அவ்வளவுதான்.

"எனக்காகக் கேட்கவில்லை, என் தெருவுக்காகக் கேட்கிறேன்" என்றார் கோயில் தெரு ஈசானதேவர். பள்ளிவாசல் தெரு மீரான் லெப்பையும் அதையே சொன்னார். மாதாகோயில் தெரு சந்தியாகு அதையே இன்னும் உரக்கச் சொன்னார். நேற்றுவரை ஒரே தட்டில் முறுக்கு கடித்தவர்கள்!

ராஜாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அமைச்சரே! அடுத்த பௌர்ணமிக் கூட்டத்தில் முதல் தாம்பூலத்தை நீரே கொடும். ஒருவர் ஆட்சேபித்தாலும் கூட்டம் கலைந்தது. மண்டபத்தில் என் பட்டத்து யானையைக் கட்டுவேன்!"

வில்வநாதருக்கு வாயெல்லாம் பல்.

மாதவராயருக்குத் தூக்கம் போயிற்று. கூட்டம் கலைந்தால் மறுபடி கம்பைத் தூக்குவார்கள், மறுபடி துக்கம் கேட்கப் போகவேண்டும். அந்த அழுகையை இன்னொரு தரம் கேட்கத் தன்னால் முடியாது என்று அவருக்குத் தெரியும். யாருக்குக் கொடுத்தாலும் மற்ற இருவர் எழுந்து போவார்களே!

இதற்கு நடுவே அவர் வீட்டில் பேத்திக்குப் பெயர் சூட்டும் நாள் வந்தது. விசேஷத்திலும் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்தவரை மனைவி பிடித்து உலுக்கினாள்.

"நல்லா இருக்கு உங்க யோசனை! செம்பாயிக்குத் தாம்பூலம் கொடுத்தால்தானே மற்றவங்களுக்குக் கொடுக்க முடியும்? கொல்லையில எவ்வளவு நேரமா நிக்கிறா. போய்க் கொடுத்துட்டு வாங்க."

செம்பாயி மூன்று தெருவுக்கும் பிரசவம் பார்க்கும் மருத்துவச்சி. தட்டை நீட்டிய மாதவராயர் அப்படியே நின்றுவிட்டார்.

"செம்பாயி, எல்லார் வீட்டிலும் முதல் தட்டு உனக்குத்தானா?"

"ஆமா சாமி. பிள்ளையை முதல்ல கையில வாங்கினவளுக்குத்தான் முதல் தட்டு. மூணு தெருவிலயும் அதான் வழக்கம்."

"எல்லார் வீட்டிலும் கொல்லையிலா?"

அவள் சிரித்தாள். "என்னை வாசலுக்கு யாரு சாமி கூப்பிடப்போறாங்க?"

அமைச்சருக்கு விடை கிடைத்துவிட்டது. கூடவே நெஞ்சில் சுருக்கென்று ஒன்று தைக்கவும் செய்தது.

பௌர்ணமியன்று சபை கூடியது. மாதவராயர் செம்பாயியை முன்படி வழியாக அழைத்துவந்து நட்டநடுவில் உட்காரவைத்தார்.

வில்வநாதர் துள்ளி எழுந்தார். "இது அடுக்குமா மகாராஜா? ராஜசபையில் ஒரு மருத்துவச்சிக்கா முதல் தாம்பூலம்?"

"பிரபுவே, போன மாதம் உமக்குப் பேரன் பிறந்தானே, முதல் தட்டு யாருக்குப் போயிற்று?" என்று கேட்டார் மாதவராயர்.

வில்வநாதர் எழுந்த வேகத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எங்கள் வீட்டிலும் இவளுக்குத்தான்" என்று முனகினார் ஈசானதேவர். "என் மக உசிரோட இருக்கிறதே இவ கையாலதான்" என்றார் மீரான் லெப்பை. சந்தியாகு எழுந்து நின்று கைகூப்பினார்.

"மகாராஜா, முதல் மரியாதை யாருக்கு என்று இவர்கள் வீட்டுக்கு வீடு எப்போதோ முடிவு செய்துவிட்டார்கள். கொல்லையில் வைத்துக் கொடுத்ததால் மறந்துபோனார்கள்" என்றார் மாதவராயர்.

ராஜா செம்பாயியைப் பார்த்தான். "நான் பிறந்தபோதும் நீதான் பிரசவம் பார்த்தாயா?"

"ஆமா ராசா. உங்க நாக்குல முதல்முதலா இனிப்பைத் தொட்டுச் சேனை வெச்சவளே நாந்தான். துப்பிட்டு ஒரே அழுகை. மறுபடி வெச்சேன், சப்புக்கொட்டினீங்க. அப்பவே உங்களுக்கு எதுவும் ஒரே தடவையில பிடிக்காது!"

சபை மூச்சைப் பிடித்துக்கொண்டது. ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பிறகு ஆசனத்தை விட்டு இறங்கி, இரண்டு கையாலும் தட்டை எடுத்து அவளிடம் கொடுத்தான். "யாருக்காவது ஆட்சேபம் உண்டா?"

ஒருவருக்கும் இல்லை. செம்பாயி வெற்றிலையைக் கிள்ளி மூன்று பெரியவர்களுக்கும் கொடுத்தாள். அவர்கள் கண்கலங்க வாங்கிக்கொண்டார்கள்.

"வில்வநாதரே, இனி மாதாமாதம் இவள் வீட்டுக்குப் போய் அழைத்துவருவது உம் வேலை. என் யானை இருந்த இடத்திலேயே இருக்கட்டும்" என்றான் ராஜா.

சில மாதம் கழித்து, வில்வநாதரின் இளைய மகளுக்கு வலி கண்டது. செம்பாயி ஓட்டமும் நடையுமாக வந்து வழக்கம்போலக் கொல்லைக் கதவைத் தட்டினாள். உள்ளே தாழ் போட்டிருந்தது. தட்டித் தட்டிப் பார்த்தாள். பிரபுவுக்கு இன்னும் கோபம் தீரவில்லை போலிருக்கிறது, உள்ளே அந்தப் பெண் என்ன பாடு படுகிறாளோ என்று கலங்கித் திரும்பினாள்.

சந்து முனையில் வில்வநாதர் செருப்பும் இல்லாமல் ஓடிவந்தார்.

"கொல்லைக் கதவைத் தாழ் போட்டவன் நான்தான், தாயே. வாசல் திறந்திருக்கிறது, அங்கேதான் காத்துக்கொண்டிருந்தேன். சீக்கிரம் வா!"

இத்தனை வருஷத்தில் அந்த வீட்டு வாசற்படியில் செம்பாயி கால் வைத்ததே இல்லை. அதன் உயரம் தெரியாமல் தடுமாறினாள். வில்வநாதர் கைகொடுத்து ஏற்றிவிட்டார்.