ஏழு தெரு முத்திரை

முன்னொரு காலத்தில், ஆற்றங்கரைப் பட்டணம் ஒன்றை மகுடவர்மன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். காலையில் ஒருவனுக்கு யானை பரிசளிப்பான், மத்தியானம் அவனையே நாடு கடத்தச் சொல்வான், சாயங்காலம் இரண்டையும் மறந்துவிடுவான். அப்பேர்ப்பட்டவன் பக்கத்திலேயே நின்று வெற்றிலை மடித்துக் கொடுப்பது வேலாண்டியின் உத்தியோகம். வெற்றிலைப் பையான அடைப்பையைச் சுமப்பதால் அடைப்பைக்காரன் என்று பட்டம்.

பட்டம் பெரிசுதான், தலைசாய்க்க இடமில்லை. மதிலுக்குள் ஏழே தெரு. ஒவ்வொரு வீடும் தோப்பும் துரவுமாகப் பரந்து கிடக்கும், உள்ளே நாலு பேர் இருப்பார்கள். தண்ணீர் சுமப்பவர், துணி வெளுப்பவர், பல்லக்குத் தூக்குபவர் என்று அரண்மனை வேலைக்காரர் நானூறு பேருக்கு அங்கே ஒரு கூரை கிடையாது. வேலாண்டி யானைக் கொட்டிலில் ஒண்டிக்கொண்டான். பெண்டாட்டி பூவாயியும் மகள் தங்காயியும் ஒரு பகல் நடை தள்ளி ஊரில் இருந்தார்கள். அமாவாசைக்கு அமாவாசைதான் போக முடியும். தினமும் ராஜாவுக்கு மடித்தபின், ஒரு கொழுந்து வெற்றிலையில் கற்கண்டு வைத்து மகளுக்காக மடித்து அடைப்பையின் ஓரத்தில் வைப்பான். அமாவாசை வருவதற்குள் அது கறுத்துச் சுருண்டுவிடும். இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. சொல்வதற்கு யானைகளைத் தவிர யார் இருந்தார்கள்?

ஒரு நாள் சபையில் ராஜா வெற்றிலையை வாயில் போட்டதும், "ஐயோ, நாக்கு!" என்று அலறினான். சுண்ணாம்பு இரண்டு தடவை தடவியிருந்தது.

"யாருடைய நினைப்பில் மடித்தாய்?"

"மகள் நினைப்புல பிரபு. நேத்துதான் ஊருக்குப் போயிட்டு வந்தேன். 'இந்த மாமா யாரு?'ன்னு அவ அம்மாகிட்ட கேட்டா. அதுலேருந்து கை சொன்னபடி கேக்கல."

"குடும்பத்தை இங்கேயே கொண்டுவர வேண்டியதுதானே!"

"எங்க பிரபு வைக்கிறது?"

ஏழு தெருத் தலைவர்களில் மூத்தவரான வாணராயர் எழுந்தார். ராஜாவின் காதுக்குப் பக்கத்தில் ஒரு வேலைக்காரன் நிற்பதே அவருக்கு ஆகாது. "பாவம், ஏழைகளுக்கு வீடு அவசியம் வேண்டும் பிரபு! ஆனால் சுவரோடு சுவராக ஒட்டுவீடு கட்ட, ஏழு தெருத் தலைவர்களில் ஐந்து பேர் ஓலையில் முத்திரை வைக்க வேண்டும். அது பட்டணத்து வழக்கம். அடைப்பைக்காரன் கேட்டுப் பார்க்கட்டுமே."

"நல்ல வேடிக்கை! அடுத்த அமாவாசைக்குள் முத்திரை வாங்கி வா. வாங்காவிட்டால், என் நாக்கைச் சுட்டதற்கு எல்லைக் கோட்டைக்குப் போ. அங்கிருந்து யாரும் ஊர் திரும்புவதில்லை" என்றான் ராஜா.

வேலாண்டி ஏழு தெருவும் ஏறி இறங்கினான். எல்லாரும் அன்பாகத்தான் பேசினார்கள். "வீடு கட்டணும்தான்ப்பா. எங்க தெருவுல காத்து அடைச்சுடுமே." "எங்க கிணறு வத்திடும். அடுத்த தெருவுல கேளேன்." "எங்க துளசி மேல நிழல் விழும்." அடுத்த தெருவுக்கு முத்திரை வைப்பீர்களா என்றால், "அவங்க மனசு நோகுமே!" என்றார்கள். என் தெருவை நீ காப்பாற்று, உன் தெருவை நான் காப்பாற்றுகிறேன் என்று எப்போதோ பேசி வைத்திருந்தார்கள். நீர்மோர் கொடுக்காத வீடில்லை, முத்திரை கொடுத்த வீடும் இல்லை. பெரிய பெரிய வாசல்களைத் தாண்டி நடந்தபோது அவனுக்கு அழுகை வந்தது. இத்தனை திண்டாட்டத்திலும் அன்றைய கொழுந்தை மடித்து வைத்துவிட்டான்.

அமாவாசைக்கு முதல் நாள் ராஜாவிடம் வந்து நின்றான். "பிரபு, ஒரே ஒரு வரம். ஏழு பேரையும் தனித்தனி அறையில உக்கார வைங்க. எந்தெந்தத் தெருவுல கட்டலாமோ, தெருவுக்கு ஒரு ஓலையா எழுதி முத்திரை வைக்கட்டும். தன் தெருவை எழுத வேண்டாம். எந்தத் தெருவுக்கு ஓலை அதிகமா விழுதோ, அந்தத் தெருவுல நானூறு வீடும் வரும்னு சொல்லுங்க."

விளையாட்டென்றால் ராஜாவுக்கு உயிர். உடனே ஆள் அனுப்பினான்.

தனி அறையில் உட்கார்ந்ததும் ஏழு பேருக்கும் வியர்த்தது. மற்றவன் என் தெருவை எழுதிவிட்டால்? தன் தெருவைவிட மற்றவற்றுக்கு ஓலை அதிகமாக விழ வேண்டுமே என்று ஒவ்வொருவரும் மற்ற ஆறு தெருவுக்கும் வரிந்து வரிந்து எழுதினார். வாணராயருக்கு இரண்டாம் எழுத்தாணி கேட்டு ஆள் ஓடியது.

சபை கூடியது. ஓலைகளை எண்ணிய ராஜா நெற்றியைச் சுருக்கினான். "எல்லாத் தெருவுக்கும் ஆறு ஆறு! இப்போது எங்கே கட்டுவது?"

"வழக்கப்படி அஞ்சு முத்திரை போதும் பிரபு. ஒவ்வொரு தெருவுக்கும் ஆறு விழுந்திருக்கு. ஏழு தெருவுலயும் பகிர்ந்து கட்டலாம்" என்றான் வேலாண்டி.

"மோசடி!" என்று குதித்தார் வாணராயர். "என் தெருவில் ஒட்டுவீடு கட்டலாம் என்று எவன் எழுதினான்?"

"அடுத்த தெருத் தலைவர், உங்க சம்பந்தி எழுதியிருக்காருங்க. 'காற்றோட்டமான தெரு, வாணராயரின் தோப்பில் மட்டும் அறுபது குடும்பம் வசதியாக வாழலாம்'னு" என்று ஓலையை எடுத்துக் காட்டினான் வேலாண்டி.

சம்பந்தி தரையைப் பார்த்தார். ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "முதல் கடைக்கால் தோண்டுவது அந்தத் தோப்பிலேயே! குடிவருபவர்களை வாசலில் நின்று வரவேற்பதும் வாணராயரே. வேலாண்டி, உனக்கு ஒரு யானை!"

"யானை வேண்டாம் பிரபு. இத்தனை வருஷம் அதுங்களோடதான் இருந்தேன். முதல்ல முடியுற வீட்டைக் கொடுங்க."

வீடு முடிய ஒன்றரை வருஷம் ஆயிற்று. அத்தனை நாளும் கொழுந்துகள் கறுத்துக்கொண்டுதான் இருந்தன.

கடைசியில் ஒரு காலை வண்டி வந்து நின்றது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வாணராயர் வரவேற்றார். தங்காயி இறங்கி, அம்மாவின் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டாள். வேலாண்டி அப்போதுதான் மடித்த வெற்றிலையை நீட்டினான். பச்சையாக இருந்தது. அவள் வாங்கவில்லை.

"இந்த மாமா நாளைக்கும் இங்கதான் இருப்பாராம்மா?" என்று கேட்டாள்.

பூவாயி வாயைத் திறக்குமுன், "இருப்பேன் தாயி. நாளைக்கும், அதுக்கு மறுநாளும்" என்றான் வேலாண்டி.

தங்காயி முந்தானையை விலக்கி எட்டிப் பார்த்தாள். பிறகு, "அப்ப நாளைக்கு வாங்கிக்கறேன்" என்றாள்.