கயத்தாற்றில் நின்ற வண்டி

திருநெல்வேலி பால்வண்ணம் அண்ணாச்சியின் பஸ் கம்பெனியில், டிக்கெட் எடுத்தவர்களுக்கு மெசேஜ் அனுப்புவது இசக்கியம்மாளின் வேலை. அந்த மெசேஜைக் கொண்டுசேர்க்கிற கம்பெனியோ நினைத்த நேரத்தில் படுத்துவிடும். திட்டு மட்டும் இவளுக்கு ஒழுங்காக வந்து சேரும்.

"இன்னொரு மெசேஜ் கம்பெனியையும் சேர்த்துக்குவோம் அண்ணாச்சி. ஒண்ணு நின்னா மெசேஜ் தானா மத்ததுல போயிரும்" என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

"இன்னொண்ணெல்லாம் வீண். ஒரே கம்பெனிதான். ஆனா ஒரு மெசேஜும் நிக்கக் கூடாது" என்றார் அண்ணாச்சி அன்றைக்கும்.

அந்நேரம் பார்த்து மேசை போன் அடித்தது. இசக்கியம்மாள் எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். கயத்தாறு பக்கத்தில் வண்டி பிரேக்டவுன், ஆட்களை என்ன செய்யட்டும் என்று கண்டக்டர் கேட்டார்.

"யாரையும் இறக்காதீங்க" என்றாள் இசக்கியம்மாள். "இன்னொரு வண்டியெல்லாம் வீண். ஒரே வண்டிதான். ஆனா யாரும் லேட்டாப் போகக் கூடாது. அண்ணாச்சி உத்தரவு."

அண்ணாச்சி போனைப் பிடுங்கினார். "கிறுக்கு பிடிச்சவ பேச்சைக் கேக்காதடே. பின்னால வர்ற நம்ம வண்டியில எல்லாரையும் ஏத்தி விடு. இதையெல்லாமா என்கிட்ட கேப்பே? ஒரு வண்டி நின்னா, நீயா மாத்தி விட வேண்டியதுதானே?"

போனை வைத்துவிட்டு அவளை முறைத்தார். "என்ன பார்க்குறே?"

"காலையிலேருந்து நம்ம மெசேஜும் கயத்தாறுலதான் நிக்குது அண்ணாச்சி."



"அதையும் ஏத்தி விட்டுத் தொலை" என்றார் அண்ணாச்சி.