வைகுண்டத்தின் முகம்

"என் முகத்தை நான் என்னதான் செய்ய மேடம்?" என்று கேட்டார் வைகுண்டம்.

பியூலா ஸ்கேன் மெஷினில் ஒட்டியிருந்த ஜெல்லைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"கழுவிட்டு வாங்கண்ணே," என்றாள். "அடுத்த ஆளு வெளிய நிக்காவ."

பதில் அவ்வளவுதான். வைகுண்டம் நிஜமாகவே போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார்.

இருவரில் பியூலாதான் குரு. வயதில் வைகுண்டம் பத்து வருடம் மூத்தவர். பாதி வாழ்க்கையை ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறையில் கழித்தவரை, ஆள் பற்றவில்லை என்று சொல்லி ஸ்கேன் அறைக்குத் தள்ளிவிட்டிருந்தார்கள். இந்த வயதில் இன்னொருத்தியிடம் போய்க் கற்றுக்கொள்வதா என்று அவர் முறுக்கிக்கொள்ளவில்லை. அவளைக் குருவாகவே வைத்துக்கொண்டார்.

எக்ஸ்ரே சுகமான வேலை. சுவருக்குப் பின்னால் நின்றுகொண்டு "இழுங்க, பிடிங்க" என்று குரல் கொடுத்து, பட்டனை அமுக்கி, "விடுங்க" என்றால் முடிந்தது. படம் பிறகுதான் வரும். அதற்குள் ஆள் சட்டையை மாட்டிக்கொண்டு போயிருப்பார்.

ஸ்கேனில் அந்த வசதி கிடையாது. ஆளின் விலாவை ஒட்டி உட்கார வேண்டும். உள்ளே இருப்பது அந்த நிமிடமே திரையில் வந்து நிற்கும். வந்ததை வாயால் சொல்லவும் கூடாது. படம் எடுத்து வைப்பதோடு இவர்கள் வேலை தீர்ந்தது. சொல்ல வேண்டியவர் டாக்டர்.

வைகுண்டம் வாயைக் கட்டப் பழகிவிட்டார். முகத்தைக் கட்டத்தான் தெரியவில்லை.

அன்று காலையில் வந்தது ஒரு சத்துணவுக்கூடத்துச் சமையல்கார அம்மா. படுத்திருந்தவள் திடீரென்று அவர் கையைத் தட்டிவிட்டு எழுந்து உட்கார்ந்தாள். மூச்சு வாங்க வாங்க அழுதாள். மகன் திரைச்சீலையை விலக்கிக்கொண்டு ஓடி வந்தான். டாக்டர் வந்தார்.

"என்னய்யா சொன்னீங்க அவங்ககிட்ட?"

"ஒண்ணுமே சொல்லல சார்."

அது சத்தியமான வார்த்தை. டாக்டர் நம்பவில்லை.

மதியம் மறுபடியும் பியூலாவிடம் வந்து நின்றார்.

"என் மூஞ்சியில எழுதி ஒட்டியிருக்கு மேடம். எல்லாரும் படிச்சிடுதாவ."

"அந்த அம்மா எதுக்கு அழுதாவ?"

"பயந்துதான்."

"எதைப் பாத்துப் பயந்தாவ?"

"என்னையத்தான்."

"இல்ல," என்றாள் பியூலா. "நான் திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் நின்னு கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். உங்க முகத்தை நான் பாக்கல. எனக்கும்தான் பயமா இருந்துச்சு."

"அப்ப என்ன மேடம்?"

"நீங்கதான் பாக்கணும்."

குருமார்களிடம் இதுதான் தொல்லை. கையில் வைத்திருப்பதைக் கொடுத்துத் தொலைக்க மாட்டார்கள்.

மறுநாள் வைகுண்டம் மாஸ்க் போட்டுக்கொண்டு வந்தார். கண்ணைத் தவிர எதுவும் தெரியவில்லை. ரிட்டயரான பஸ் கண்டக்டர் ஒருவர் படுத்திருந்தார். கொஞ்ச நேரம் வைகுண்டத்தின் கண்ணையே பார்த்துவிட்டு, திணறிக்கொண்டே கேட்டார்: "என்ன சார், நமக்கு டிக்கெட் கிழிச்சாச்சா?"

வைகுண்டம் மாஸ்க்கைக் கழற்றிக் குப்பையில் போட்டார்.

வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று பழகிப் பார்த்தார். உதட்டை இழுத்து, புருவத்தைத் தளர்த்தி, எதுவும் தெரியாத ஒரு முகத்தைச் செய்துகொண்டார். அவர் மனைவி அந்தப் பக்கமாகப் போனவள் நின்றாள்.

"பல்லு வலிக்கா?" என்றாள்.

இதைக் கேட்டுப் பியூலா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு நின்ற பிறகும் கையை வயிற்றிலிருந்து எடுக்கவில்லை. வைகுண்டம் அதைக் கவனிக்கவில்லை.

"சிரிங்க மேடம். நான் சூப்பிரண்டைப் பாத்து எக்ஸ்ரேக்கே திரும்பக் கேக்கப் போறேன். எலும்பு என்னையப் பாத்து அழாது."

"முடிவு பண்ணியாச்சா?"

"ஆச்சு. தினமும் யாரையாவது அழ வச்சிட்டுப் போயி என்னால சோறு திங்க முடியல."

பியூலா கதவு வழியே எட்டிப் பார்த்தாள். சாப்பாட்டு நேரம். வெளியே பெஞ்சு காலியாகக் கிடந்தது.

"போங்கண்ணே. நான் தடுக்கல. போறதுக்கு முன்னால ஒரு ஆளைப் பாத்துட்டுப் போங்க."

"யாரு மேடம்?"

அவள் போய்க் கதவைச் சாத்தினாள். செருப்பைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். ஏறிப் படுத்தாள்.

வைகுண்டத்துக்குச் சிரிப்பு வந்தது. பாடம் நடத்தும்போது எப்போதும் அவரைத்தான் படுக்கவைப்பாள். அவருடைய கல்லீரலைக் காட்டித்தான் அவருக்குக் கல்லீரல் சொல்லிக்கொடுத்தாள்.

"இன்னைக்கு நீங்க பாடமா?"

"எப்படி வேணாலும் வச்சுக்கோங்க. வலது விலாவுக்குக் கீழ. கிறிஸ்மஸ்ல இருந்து ஒரு மாதிரி இருக்கு."

சிரிப்பு போய்விட்டது. பாதிச் சோறோடு திரும்பிப் போகும் அவளுடைய டிபன் பாக்ஸ் நினைவுக்கு வந்தது. உடம்பைக் குறைக்கிறாள் என்று நினைத்திருந்தார். நல்லாத்தான் இருக்கீங்க மேடம் என்று வேறு சொல்லியிருந்தார்.

"நீங்களே பாத்திருக்கலாமே மேடம்."

"பாக்கத்தான் போனேன். கை வரல."

"டாக்டர்கிட்ட சொன்னா..."

"டாக்டர் நல்லவரு. ஒண்ணுமில்லம்மான்னு சிரிச்சுக்கிட்டே சொல்லுவாரு. நான் வீட்டுக்குப் போயி அந்தச் சிரிப்பையே யோசிச்சுக்கிட்டுக் கெடப்பேன்." அவள் திரையை அவர் பக்கம் முழுதாகத் திருப்பிவிட்டாள். "உங்க முகம் பொய் சொல்லாதுண்ணே. அதான்."

வைகுண்டம் ஜெல்லை எடுத்து உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கினார். அவள் கற்றுக்கொடுத்ததுதான். அதைத் தடவி, ஸ்கேன் கருவியை விலாவுக்குக் கீழே வைத்து அழுத்தினார்.

"மூச்சை இழுங்க. பிடிங்க."

அவள் இழுத்துப் பிடித்தாள்.

நல்ல கல்லீரல் இட்லி மாவு மாதிரி ஒரே சீராக இருக்கும். இது அப்படி இல்லை. வட்டமாக ஒரு நிழல். அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. கையைக் கொஞ்சம் சாய்த்தார். அங்கேயும் இருந்தது.

மெஷினில் கோளாறாக இருக்கட்டும் என்று ஆசைப்பட்டார். வெளிச்சத்தைக் கூட்டினார், குறைத்தார். ஆழத்தை மாற்றினார். எதை மாற்றினாலும் அவை மாறவில்லை. மகளுக்கு முன்பல் விழுந்துவிட்டது, எலிப்பொந்தில் போட வேண்டும் என்று எலியைத் தேடிக்கொண்டிருக்கிறாள் என்று காலையில்தான் பியூலா சொல்லியிருந்தாள். நாமே தப்பாகப் பார்க்கிறோமோ என்று மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார்.

அறையில் மெஷினின் காற்றாடி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

கைக்கு அடியில் வயிறு நடுங்கியது. வைகுண்டம் திரும்பிப் பார்த்தார்.

பியூலாவின் முகம் கறுத்துச் சிவந்திருந்தது. கழுத்தில் நரம்பு புடைத்து நின்றது. இரண்டு கையாலும் கட்டில் விரிப்பைப் பற்றியிருந்தாள். உதட்டை இறுக மூடியிருந்தாள். கண் அவர் முகத்தில் இருந்தது. அவர் எப்போது திரும்புவார் என்று அது காத்துக்கொண்டிருந்தது.

அவள் இன்னும் பிடித்துக்கொண்டுதான் இருந்தாள். விடுங்க என்று அவர் சொல்லவே இல்லை.

சத்துணவுக்கூடத்து அம்மாவின் முகமும் இப்படித்தான் சிவந்திருந்தது. கண்டக்டரும் திணறிக்கொண்டுதான் கேட்டார். அவர்கள் எல்லாரும் இங்கே இதே கட்டிலில், அவர் வாயிலிருந்து ஒரு சொல் வரும் வரும் என்று, பிடித்த மூச்சோடு கிடந்திருக்கிறார்கள். அவர் திரைக்குள்ளே போய்த் தொலைந்துபோயிருந்தார்.

"விடுங்க," என்றார். "மூச்சை விடுங்க மேடம்."

அவள் விட்டாள். அது வெளியே வந்து தீர வெகுநேரம் ஆனது. பிறகு இருமினாள். கண்ணோரத்தைத் துடைத்துக்கொண்டாள்.

என்ன இருக்கிறது என்று அவள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

"இன்னும் எடுக்கணுமாண்ணே?"

"எடுக்கணும் மேடம். இடது பக்கம் பாக்கல."

"எடுங்க."

மறுபடியும் கையை வைத்தார்.

"இழுங்க," என்றார்.

இழுத்தாள்.

"பிடிங்க."

பிடித்தாள்.

திரையில் இன்னொன்று வந்தது. வைகுண்டத்துக்குத் தாங்கவில்லை. முகத்தை அவர் எதுவும் செய்ய முயலவில்லை. அது கோணியது. கண்ணீர் மூக்கோரமாக இறங்கி, அவர் மணிக்கட்டில் சொட்டியது. அவள் அதை எல்லாம் பார்த்துக்கொண்டே படுத்திருந்தாள்.

"விடுங்க," என்றார்.

பியூலா மூச்சை விட்டாள்.