மைனா சொன்ன ‘சுத்தம்’

அல்லிக்குளத்துக் காட்டில் ஒரு கரடி ரொட்டிக்கடை வைத்திருந்தது. தேன் ரொட்டி, கேழ்வரகு பிஸ்கட், இலுப்பைப்பூ பன் எல்லாம் அங்கே கிடைக்கும். கடையின் கூரை விட்டத்தில் ஒரு மைனா கூடு கட்டிக் குடியிருந்தது. கூட்டில் இறகு முளைக்காத குஞ்சுகள் இருந்தன.

கரடிக்கு ரொட்டி சுடுவதில் கஷ்டமே இல்லை. ஓவனைத் தேய்ப்பதில்தான் கஷ்டம். வழிந்த தேன் உள்ளே கருகிக் கல்லாக ஒட்டிக்கொள்ளும். தலையை உள்ளே விட்டுத் தேங்காய் நாரால் தேய்த்துத் தேய்த்து இடுப்பே விட்டுப்போகும். கரடி கறுப்பு என்பதால் அதன் மேல் அப்பிய கரி வெளியே தெரியாது. அதனால் அது படும் பாடும் யாருக்கும் தெரியவில்லை.

மைனாவுக்கு மட்டும் தெரியும். அது மேலே இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருக்கும். பால் பொங்கி வழிந்தால், “சுத்தம்!” என்று அலுத்துக்கொள்ளும். பன் கருகினால், “போச்சு, சுத்தம்!” என்னும். எது கெட்டாலும் அதன் வாயில் முதலில் வரும் சொல் அதுதான்.

ஒருநாள் நரி ஒரு தள்ளுவண்டியில் புது ஓவனோடு வந்தது. அந்த ஓவன் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளுமாம். குமிழைத் திருகினால் உள்ளே பயங்கரமாகச் சூடு ஏறுமாம். ஒட்டியது எல்லாம் எரிந்து சாம்பலாகிவிடுமாம். ஆறிய பிறகு ஈரத்துணியால் ஒரு துடைப்பு துடைத்தால் போதுமாம்.

“நார்?” என்று கேட்டது கரடி.

“நாரும் வேண்டாம், சோப்பும் வேண்டாம். குனியக்கூட வேண்டாம் அக்கா.”

கரடிக்குக் கண் கலங்கிவிட்டது.

நரி அதோடு நிற்கவில்லை, கெடுதலையும் சொன்னது. புகை வரும், ஜன்னல்களைத் திறந்து வைக்க வேண்டும். அந்தப் புகையைப் பறவைகளின் நெஞ்சு தாங்காது, அவற்றை முதலில் வெளியே அனுப்ப வேண்டும். கம்பித் தட்டுகளை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பளபளப்பு போய்விடும். ஓவன் ஆறும்வரை யார் இழுத்தாலும் கதவு திறக்காது.

கரடி எல்லாவற்றுக்கும் தலையாட்டி ஓவனை வாங்கிக்கொண்டது. மனத்துக்குள் வேறு நினைத்தது. ‘ஜன்னலைத் திறக்கச் சொல்வது ரொட்டி திருடத்தான். மைனாவை வெளியே அனுப்பச் சொல்வது குஞ்சைத் தின்னத்தான்.’ நரி எதைச் சொன்னாலும் அதற்கு நேர்மாறாகச் செய்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்பது கரடி வீட்டுப் பழக்கம். பாவம், நரி அன்று உண்மையைத்தான் சொன்னது. நம்பத்தான் ஆளில்லை.

மறுநாள் முயல் வீட்டில் பிள்ளைக்குப் பெயர் வைக்கும் விழா. காலை முழுவதும் கரடி தேன் ரொட்டியாகச் சுட்டு அனுப்பியது. உச்சிவேளையில் பார்த்தால் ஓவனுக்குள் தேன் கருகி அட்டை அட்டையாக ஒட்டிக் கிடந்தது. கரடிக்கு அதைப் பார்த்து முதன்முறையாகச் சிரிப்பு வந்தது.

அது ஜன்னல்களை இறுக்கிச் சாத்தியது. கம்பித் தட்டுகள் அப்படியே உள்ளே இருந்தன. குமிழைத் திருகிவிட்டு நிமிர்ந்து பார்த்தது.

“மைனா, உள்ளே பளிச்சுன்னு ஆனதும் ‘சுத்தம்’னு ஒரு குரல் குடு. நான் குளத்துல காலை நனைச்சுட்டு வரேன்.”

“போயிட்டு வாங்க அக்கா, நான் பார்த்துக்கறேன்” என்றது மைனா. கரடி கதவையும் சாத்திக்கொண்டு போனது.

குளத்தில் எருமை கழுத்தளவு தண்ணீரில் படுத்து அசை போட்டுக்கொண்டிருந்தது. கரடி கரையில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டது. குளத்தில் இத்தனை அல்லி பூக்கும் என்பதே அன்றுதான் அதற்குத் தெரிந்தது. வேலை தானாக நடக்கிறது, நான் சும்மா உட்கார்ந்திருக்கிறேன் என்று எருமையிடம் திரும்பத் திரும்பச் சொல்லிப் பூரித்தது.

கடைப்பக்கம் இருந்து மெல்லிய குரல் வந்தது. “சுத்தம்!”

“கேட்டீங்களா பெரியம்மா? அதுக்குள்ள ஆயிடுச்சு” என்றது கரடி.

“சுத்தம்! அக்கா... எல்லாம் சுத்தம்!”

“எல்லாமே சுத்தமாம்” என்று கரடி தண்ணீரைக் காலால் தட்டி விளையாடியது.

எருமை எதையும் மெதுவாகத்தான் யோசிக்கும். வாயில் இருந்ததை மென்று விழுங்கியது. பிறகு கேட்டது. “நல்ல சேதி சொல்றவ ஏண்டி இருமுறா?”

கரடியின் முகம் மாறியது. மைனா எதற்கெல்லாம் ‘சுத்தம்’ என்று சொல்லும் என்பது அப்போதுதான் அதன் மண்டையில் உறைத்தது. விழுந்தடித்து ஓடியது.

கதவைத் திறந்தால் கடை முழுக்கப் புகை. கரடி குமிழைத் திருப்பி நிறுத்திவிட்டு ஓவன் கதவைப் பிடித்து இழுத்தது. அது அசையவில்லை. நரி சொன்னது ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. ஓவனை விட்டுவிட்டு ஜன்னல்களைத் தள்ளித் திறந்தது. தூணில் ஏறி, விட்டத்தில் இருந்த கூட்டைக் குஞ்சுகளோடும் மைனாவோடும் நெஞ்சில் அணைத்துக்கொண்டு வெளியே பாய்ந்தது.

நாவல் மர நிழலில் கூட்டை வைத்தது. மைனா இருமியபடியே குஞ்சுகளை மூக்கால் தொட்டுத் தொட்டுப் பார்த்தது. எல்லாம் வாய் திறந்தன. கடைக்குட்டி மட்டும் கழுத்தைத் தொங்கப்போட்டுக் கிடந்தது.

எருமை அவசரமாகக் கரையேறியதை அந்தக் காடு அன்றுதான் பார்த்தது. ஈர வாலால் அது மெல்ல வீசியது. கரடி முறத்தால் விசிறியது. வாலில் இருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் குஞ்சின் மூக்கில் விழுந்தது. குஞ்சு தும்மியது. பிறகு, பசி பசி என்று காது கிழியக் கத்தியது.

கரடி சிரித்துக்கொண்டே அழுதது. “என்னை மன்னிச்சிடு மைனா” என்றது.

“மன்னிக்கறேன். முதல்ல இதுக்கு ஒரு புழு பிடிச்சுக் குடுங்க, வாயை மூடட்டும்” என்றது மைனா.

சாயங்காலம் ஓவன் ஆறியதும் கதவு தானாகத் திறந்தது. உள்ளே ஒரு பிடி சாம்பல்தான். ஈரத்துணியால் துடைத்ததும் கண்ணாடி மாதிரி மின்னியது. கம்பித் தட்டுகள் மட்டும் எருமை நிறத்துக்கு மங்கிப்போயிருந்தன. எருமை அதைப் பார்த்து, நல்ல நிறம்தான் என்று சொல்லிவிட்டுப் போனது.

கரடி ஓவனைத் தூக்கி எறியவில்லை. இடுப்புக்கு அது செய்த உபகாரத்தை மறக்க முடியுமா? அதன் பிறகு சுத்தம் செய்யும் நாளில் முதலில் கூடு நாவல் மரத்துக்குப் போகும். ஜன்னல்கள் திறக்கும், தட்டுகள் வெளியே வரும். வாசல்படியிலேயே கரடி உட்கார்ந்திருக்கும். நரி வந்தால் அதற்கு ஒரு தேன் ரொட்டி உண்டு. அதைக் கரடி ஜன்னல் வழியாகத்தான் கொடுக்கும்.

மைனாவும் ஒன்று செய்தது. ஓவன் பளிச்சென்று ஆனால், மரத்தில் இருந்து, “மின்னுது அக்கா, மின்னுது!” என்று மட்டுமே கூவியது.

வேலையைக் கருவியிடம் விடலாம், கவனத்தை அதனிடம் விடக் கூடாது.