பீங்கான் சுவரில் மாட்டிய அப்பா

முன்னொரு காலத்தில், மீனுக்கும் உப்புக்கும் குறைவே இல்லாத பவளத்துறை என்றொரு நாடு இருந்தது. அந்த நாட்டு அரண்மனையில் மகரதீபன் என்று ஒரு மணியக்காரன் வேலை பார்த்தான். பெயரைக் கேட்டால் பெரிய இடத்துப் பிள்ளை என்று நினைப்பீர்கள், இல்லையா? நினைக்கட்டும் என்றுதான் அந்தப் பெயரை வைத்துக்கொண்டான். பெற்றவர் வைத்த பெயர் மூக்கையன். நாம் மூக்கையன் என்றே சொல்வோம். அவனுக்காக நாம் ஏன் பொய் சொல்ல வேண்டும்?

மூக்கையனின் அப்பா வெயிலுமுத்து, இரண்டு ஆறு தாண்டி உப்பளத்துப் பக்கம் கழுதை வைத்துப் பிழைத்தவர். அளத்து உப்பை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போவார். தாயில்லாப் பிள்ளையைக் கழுதை முதுகில் உட்காரவைத்தே வளர்த்தார், எழுத்தும் கணக்கும் படிக்கவைத்தார். பிள்ளை கெட்டிக்காரன், அரண்மனையில் வேலை கிடைத்துவிட்டது. போன புதிதில் யாரோ ஒருவர், தம்பி யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரித்தார். கழுதைக்காரர் மகன் என்று சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை. அப்பா காலமாகிவிட்டார், தெற்கே ஒரு சிற்றரசராக இருந்தவர் என்று அளந்துவிட்டான். ஒரே ஒரு தடவை சொன்னதுதான். அப்புறம் அந்தப் பொய்க்குச் சோறு போட்டு வளர்க்கிற வேலை அவன் தலையில் விழுந்தது. படைத்தலைவர் மகள் வடிவாம்பாளைப் பெண் கேட்டுப் போனபோதும் அதையேதான் சொன்னான்.

கல்யாணம் ஆயிற்று. புது வீடு கட்டினான். கடற்காற்றுக்குச் சுண்ணாம்புச் சுவர் நிற்காது, பொரிந்து பொரிந்து உதிரும். அதனால் கூடத்துச் சுவர் முழுக்க நீலநிறப் பீங்கான் ஓடு பதித்தான். இன்றைக்கு டைல்ஸ் என்கிறோமே, அதுதான். ஓடு சுட்டுத் தந்தவள் ஒரு மந்திரக்காரி. கிரகப்பிரவேசத்தன்று படம் மாட்டலாம் என்று மூக்கையன் சுத்தியலும் ஆணியுமாக ஏறினான். முதல் ஆணிக்கு ஓடு கீறல் விட்டது. இரண்டாவது ஆணிக்கு மூலை பெயர்ந்தது. மூன்றாவது ஆணி வளைந்துகொண்டது, சுத்தியல் கட்டைவிரலில் இறங்கியது.

அங்கே வந்திருந்த மந்திரக்காரிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. இந்தச் சுவருக்கு ஆணி ஆகாது தம்பி, படத்தைச் சுவரோடு வைத்துப் பிடி, சுவர் கேட்கும், பதில் சொல், அதுவே பிடித்துக்கொள்ளும் என்றாள். போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னாள். பொய் சொல்லி மாட்டினால் அந்தப் பொய்யை மெய்யாக்காமல் இந்தச் சுவர் ஓயாதாம். மூக்கையன் சரி சரி என்று தலையை ஆட்டிவிட்டு, விரலை வாயருகே கொண்டுபோய் ஊதிக்கொண்டான். நல்ல வார்த்தை எப்போதும் இப்படி வலிக்கிற நேரம் பார்த்துத்தான் வந்து சேரும்.

மாமனார், மாமியார், சொந்தபந்தம் எல்லாரும் கூடத்தில் நின்றார்கள். மூக்கையன் ராஜா படத்தை வைத்துப் பிடித்தான்.

"இது யார் படம்? உள்ளதைச் சொல்" என்றது சுவர், கிண்ணத்தைச் சுண்டினாற்போல.

எங்கள் ராஜா என்றான். படம் ஒட்டிக்கொண்டது. அடுத்து மனைவியின் படத்தை வைத்தான்.

"இது யார் படம்? உள்ளதைச் சொல்."

என் மனைவி வடிவாம்பாள் என்றான். அதுவும் ஒட்டிக்கொண்டது.

அப்போது வடிவாம்பாள் மூன்றாவதாக ஒரு படத்தைக் கொண்டுவந்தாள். என் மாமனார் படம் இல்லாத வீடு ஒரு வீடா என்று சொல்லிச் சொல்லி, ஓவியரை வரவழைத்து அவள் எழுதச் செய்த படம் அது. அந்த ஓவியர் முகத்தைக் கேட்டபோது மூக்கையன் தடுமாறித்தான் போனான். கிரீடத்தையும் பட்டாடையையும் கூசாமல் சொல்ல முடிந்தது. முகத்தைப் புனைய மட்டும் அவனால் ஆகவில்லை. கண் ஓரத்தில் வெயிலுக்குச் சுருங்கிய கோடுகள், ஒரு பக்கம் ஏறின புருவம், சிரித்தால் இடது கன்னத்தில் மட்டும் விழும் குழி என்று அப்பா முகத்தை அப்படியே சொல்லிவிட்டான். சொல்லும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டான். இறந்தவரை நினைத்து அழுகிறார் என்று வடிவாம்பாளும் அழுதாள்.

அந்தப் படத்துக்குத்தான் இப்போது நெற்றியில் சந்தனம், கழுத்தில் மல்லிகை மாலை. செத்துப்போனவர்களுக்குப் போடுகிற மாதிரி.

"இது யார் படம்? உள்ளதைச் சொல்" என்றது சுவர், மூன்றாவது தடவையாக.

கூடமே அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது. மந்திரக்காரி சொன்னது காதுக்குள் குடைந்தது. சுவராவது, பொய்யை மெய்யாக்குவதாவது என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

"என் அப்பா. சிற்றரசர். காலமாகிவிட்டார்" என்றான்.

படம் அழுத்தமாக ஒட்டிக்கொண்டது. அதன்பிறகு அந்தப் படத்தை அவனால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. சாப்பிடும்போது அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். வடிவாம்பாளோ தினமும் குளித்ததும் பழைய மாலையைக் கழற்றிப் புதுமாலை போடுவாள், விளக்கேற்றுவாள், தலைகுனிந்து கும்பிடுவாள்.

வைகாசி போய் ஆனியும் பாதி போன ஒரு நாள், நல்ல வெயிலில், உப்பு மூட்டையோடு ஒரு கழுதை அவன் வீட்டு வாசலில் வந்து நின்றது. வெயிலுமுத்துவின் கழுதை சிங்காரி. அந்தக் காலத்தில் கழுதை பேசும். நின்று கேட்கிறவர்கள்தான் குறைவு.

"மூக்கையா, உங்கப்பா படுத்துட்டார்" என்றது சிங்காரி. "தினமும் காலையில கழுத்தில யாரோ கனமா எதையோ மாட்டற மாதிரி இருக்குங்கிறார். உப்பளத்துல ஏது பூ? மல்லிகை வாசம் மூச்சை முட்டுதுங்கிறார். நாளுக்கு நாள் தேய்ஞ்சு போறார்."

இதைக் கேட்டதும் மூக்கையன் முதலில் என்ன செய்தான் தெரியுமா? தெருவில் யாராவது பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்தான். எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். உடனே மூக்கையன், யாருடைய கழுதை இது, ஓட்டிக்கொண்டு போங்கள் என்று சத்தம் போட்டான். சின்ன வயதில் அவனைச் சுமந்த கழுதை அது. மூட்டையோடு திரும்பிப் போயிற்று. அது தெருமுனை திரும்புகிறவரை அவன் காது மடல் கொதித்துக்கொண்டிருந்தது.

உள்ளே ஓடினான். படத்தைப் பிடித்து இழுத்தான், வரவில்லை. கடப்பாரையால் நெம்பினான். ஆணிக்கே பெயர்ந்த ஓடு கடப்பாரைக்கு அசையவில்லை. கடைசியில் சுவரோடு வாயை வைத்து, அவர் சாகவில்லை, உயிரோடுதான் இருக்கிறார் என்று கிசுகிசுத்தான்.

"அன்றைக்குக் கேட்டவர்கள் எல்லாரும் எங்கே?" என்றது சுவர்.

அத்தனை பேரையும் கூட்டிவைத்துச் சொல்ல வேண்டும். மாமனார் எதிரில், மாமியார் எதிரில், வடிவாம்பாள் எதிரில். நினைக்கும்போதே அவனுக்கு உடம்பு கூசியது. நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டான். மறுநாள் அதற்கு மறுநாள் என்றான். இனிமேல் மாலை வேண்டாமே என்று மனைவியிடம் சொல்லிப் பார்த்தான். பெற்றவருக்கு ஒரு முழம் பூவுக்குக்கூடக் கணக்குப் பார்ப்பீர்களா என்று அவள் கோபித்துக்கொண்டு, இரட்டை மாலையாகப் போட்டாள். ஒவ்வொரு மாலைக்கும் அங்கே உப்பளத்தில் ஒரு மனிதர் மூச்சு விடத் திணறுகிறார் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தான். வெட்கம் கெட்டவன் என்று நாம் திட்டுவோம். பாவி, வெட்கம் மிஞ்சிப்போய்த்தான் அப்படி இருந்தான்.

ஆடி அமாவாசை வந்தது. இறந்தவர்களுக்கு எள்ளும் தண்ணீரும் விடுகிற நாள். கிரகப்பிரவேசத்துக்கு வந்த எல்லாரையும் வடிவாம்பாள் அழைத்துவிட்டாள். கூடத்திலேயே, படத்துக்கு எதிரே, புரோகிதர் வந்து உட்கார்ந்தார். பின்கட்டில் வடையும் பாயசமும் மணந்தன. மூக்கையனுக்கு நன்றாகத் தெரிந்தது, உயிரோடு இருக்கிறவருக்கு எள்ளும் தண்ணீரும் விட்டால் இந்தச் சுவர் இன்றைக்கே காரியத்தை முடித்துவிடும். விரலில் தர்ப்பை போட்டார்கள். உள்ளங்கையில் எள்ளை வைத்தார்கள். வடிவாம்பாள் செம்பைச் சாய்க்கக் காத்திருந்தாள். அப்பா பெயரைச் சொல்லுங்கள் என்றார் புரோகிதர்.

எள் சிதறியது. மூக்கையன் கையை இழுத்துக்கொண்டான்.

"எங்கப்பா பேர் வெயிலுமுத்து" என்றான். "உப்பு ஏத்தற கழுதைக்காரர். சிற்றரசர் இல்ல. சாகவும் இல்ல. கழுதைக்காரர் மகன்னு சொல்ல வெட்கப்பட்டு நான்தான் அவரைச் சாகடிச்சேன்."

படம் படீரென்று கீழே விழுந்தது. மாலை அறுந்து பூவெல்லாம் தரையில் ஓடியது. அந்த நிமிஷமே சுவரின் நீலம் வெளுத்து, மந்திரம் கழன்று, அது வெறும் சுவராகிவிட்டது.

படைத்தலைவர்தான் முதலில் எழுந்தார். கழுதைக்காரர் மகன் என்று சொல்லியிருந்தால் பெண் கொடுத்திருப்பேனா என்று எனக்கே தெரியாது, ஆனால் இன்றைக்கு உன் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை என்று சொல்லிவிட்டு வெளியே போனார். சொந்தக்காரர்களும் ஒவ்வொருவராகப் பின்னால் போனார்கள். சமைத்ததெல்லாம் அப்படியே கிடந்தது. வடிவாம்பாள் தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தபடி நின்றாள்.

"தினமும் இந்தக் கையால மாலை போட்டேனே" என்றாள். அதைவிட அவள் அவனை நாலு அறை அறைந்திருக்கலாம். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, வண்டியைப் பூட்டுங்கள், மாமாவைப் பார்க்க வேண்டும் என்றாள்.

இரண்டு ஆற்றையும் தாண்டிப் போனார்கள். உப்பளத்து ஓரம், ஓலைக் குடிசைக்குள் வெயிலுமுத்து கட்டிலில் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். கழுத்துப் பாரம் திடுமென்று இறங்கியதாம், பசி எடுத்ததாம். எலும்பும் தோலுமாக இருந்தார். மூக்கையன் அவர் காலைக் கட்டிக்கொண்டு, ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிட்டு, தலையைத் தூக்காமலே கிடந்தான்.

வெயிலுமுத்து கஞ்சிக் கலயத்தைக் கீழே வைத்தார். அவர் முகத்திலும் ஏதோ செய்யக்கூடாததைச் செய்துவிட்டவர் சாடை தெரிந்தது.

"அழாதடா. நானும்தான் பொய் சொன்னேன்" என்றார். "நீ அரண்மனைக்குப் போன அன்னைக்கே, கழுதைக்காரன் மகன்னு தெரிஞ்சா உன்னை அங்க மதிக்க மாட்டாங்களேன்னு தோணிச்சு. அதனால யார் கேட்டாலும் எனக்குப் பிள்ளையே கிடையாதுன்னு சொல்லிட்டு வர்றேன். இங்கே பக்கத்துக் குடிசைக்குக்கூட உன்னைத் தெரியாது."

அதைக் கேட்டபோது மூக்கையன் பட்ட வெட்கம் இருக்கிறதே, கூடத்தில் அத்தனை பேர் நடுவில்கூட அவன் அப்படிப் படவில்லை. தரை பிளந்தால் உள்ளே போயிருப்பான்.

வடிவாம்பாள்தான் குனிந்து கிழவரின் கையைப் பிடித்தாள். "மாமா, அவர் சொல்லிட்டார். இனி நீங்களும் சொல்லிடுங்க" என்றாள்.

வெயிலுமுத்து மருமகளின் தோளைப் பிடித்து எழுந்தார். வாசலுக்கு வந்தார். அளத்தில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அவர் இருமினார், தொண்டையைச் செருமினார், அப்புறம் உப்பளம் முழுக்கக் கேட்கிற மாதிரி, எனக்கு ஒரு பிள்ளை இருக்கான், பேரு மூக்கையன், இதோ வந்திருக்கான் என்று கத்தினார். கத்திவிட்டுச் சிரித்தார். இடது கன்னத்தில் மட்டும் குழி விழுந்தது.

அவ்வளவுதான் கதை. ராஜா அவனை வேலையிலேயே வைத்துக்கொண்டார், மூக்கையன் என்ற பெயரிலேயே. மாமனார் கோபம் ஆற ஒரு பேரப்பிள்ளை பிறக்க வேண்டியிருந்தது. அவர்கள் எல்லாரும் அங்கே நன்றாக இருந்தார்கள், கேட்ட நீங்களும் நன்றாக இருங்கள். அப்பா, அம்மாவிடம் பேசி நாளாகிவிட்டவர்கள் யாராவது இருந்தால், முதலில் எழுந்து போய்ப் பேசிவிட்டு வாருங்கள்.