வேப்பங்குச்சியைக் கடித்தவள்

மலையடிவாரத்தில் ஒரு மடம். அதன் தலைவி நாச்சியம்மை. அவரிடம் சீடராக இருந்த அம்பலவாணர் அவரைவிட வயதில் மூத்தவர். பாதி ஆயுளைத் தறியில் கழித்துவிட்டு மடத்துக்கு வந்தவர். குருவுக்குக் கறுத்த முடி, சீடருக்கு வெளுத்த முடி என்று ஊரில் கேலி உண்டு. இருவரும் அதைக் காதில் போட்டுக்கொண்டதில்லை.

மடத்துப் பள்ளியில் சிறு பிள்ளைகளுக்கு நீதிக்கதை சொல்வது அம்பலவாணரின் வேலை. அவருக்கென்று ஒரு முறை இருந்தது. கதையைச் சொன்னால் மட்டும் போதாது, பிள்ளைகள் அதைச் செய்தும் பார்க்க வேண்டும். தாகம் கொண்ட காக்கையின் கதை என்றால், பானையில் கூழாங்கல் போட்டுத் தண்ணீர் மேலே ஏறுவதைப் பார்ப்பார்கள். எறும்பின் கதை என்றால், ஆளுக்கொரு பிடி தானியம் கொண்டுவந்து குதிரில் போடுவார்கள். பக்கத்து ஊர் ஆசிரியர்கள்கூட வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

பூவாத்தா என்றொரு பெண்குழந்தை அந்த வகுப்பில் இருந்தாள். எந்தக் கதையையும் அவள் நேராகப் போகவிட மாட்டாள். காக்கை ஏன் ஆற்றுக்குப் போகவில்லை, எறும்புக்குத் தூக்கம் வருமா வராதா என்று நடுவில் கேட்டுக்கொண்டே இருப்பாள். அம்பலவாணருக்குக் கதையின் நூல் அறுந்துபோகும்.

அவளுக்காகவே ஒருநாள் ஆமையின் கதையை எடுத்தார். குளம் வற்றுகிறது. இரண்டு அன்னங்கள் ஒரு குச்சியின் இரு முனைகளையும் அலகால் பிடித்துக்கொள்ள, ஆமை நடுவில் கடித்துத் தொங்கியபடி பறந்து போகிறது. கீழே ஊர்ச்சனம் பார்த்துச் சிரிக்கிறது. ஆமைக்குப் பொறுக்கவில்லை. பதில் சொல்ல வாயைத் திறக்கிறது, விழுகிறது.

கதைக்கு ஒரு பழக்கமும் ஏற்படுத்தினார். வகுப்பில் ஓயாமல் பேசுகிற பிள்ளை ஒரு வேப்பங்குச்சியைப் பல்லில் கடித்துக்கொண்டு உட்கார வேண்டும். குச்சி நழுவினால், "ஆமை விழுந்துருச்சு" என்று மற்றவர்கள் கூவலாம். பெரும்பாலும் குச்சி பூவாத்தாவிடம்தான் போயிற்று. முதலில் அடிக்கடி விழுந்தாள். பிறகு பழகிக்கொண்டாள்.

மழைக்காலத்தில் ஒருநாள் அவள் குச்சியோடு உட்கார்ந்திருந்தாள். திடீரென்று முகம் சிவந்தது. கண்ணில் நீர் கொட்டியது. ஒரு காலை வெடுக்கென்று பாவாடைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"ஆமை காலை உள்ளே இழுக்குதுங்கய்யா" என்றான் செங்கோடன் என்ற பையன். வகுப்பே சிரித்தது. அம்பலவாணரும் சிரித்தார்.

பாயின் அடியிலிருந்து தேள் ஒன்று வெளியே வந்தபோதுதான் சிரிப்பு நின்றது.

அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினார். வைத்தியர் வீட்டுத் திண்ணையில் கிடத்திய பிறகுதான் கவனித்தார், குச்சி இன்னும் அவள் பல்லில் இருந்தது.

விஷம் இறங்கியது. வீக்கமும் வடிந்தது. பூவாத்தா பள்ளிக்குத் திரும்பி வந்தாள், ஆனால் பேசவில்லை. குச்சியை அடுப்பில் போட்டாயிற்று என்று அம்பலவாணர் சொல்லியும் பேசவில்லை. வீட்டிலும் அப்படித்தான், பசித்தால்கூடத் தட்டை எடுத்து முன்னால் வைத்துக்கொள்கிறாளே தவிர வாய் திறப்பதில்லை என்று அவள் தாய் வந்து சொன்னாள். அந்தத் தாய் கோபப்படவில்லை. அம்பலவாணருக்கு அதுதான் தாங்கமுடியாததாக இருந்தது.

போகும்போது அவள் கேட்டாள்: "தேள் விஷத்துக்கு முறிவு மருந்து இருக்குதுங்க சாமி. அந்தக் கதைக்கு முறிவா ஒரு கதை இருந்தாச் சொல்லுங்க."

அவர் தேடினார். கத்திக் கூப்பிட்டுக் குஞ்சுகளைக் காத்த கோழியின் கதையைச் சொன்னார். குரைத்து எசமானை எழுப்பிய நாயின் கதையைச் சொன்னார். பூவாத்தா கவனமாகக் கேட்டாள். கதை முடிந்ததும் சிலேட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

கடைசியில் நாச்சியம்மையிடம் வந்து நின்றார். நடந்ததைச் சொன்னார், தானும் சிரித்ததையும் மறைக்கவில்லை. எந்தக் கதையைச் சொன்னால் அந்தப் பிள்ளை பேசும் என்று கேட்டார்.

"அதே கதைதான்" என்றார் நாச்சியம்மை. "நாளைக்கு நான் வந்து சொல்றேன்."

மறுநாள் அவர் பிள்ளைகளுக்கு நடுவில் வந்து உட்கார்ந்தார்.

"ஒரு குளத்துல ஒரு ஆமை. அதுக்கு ரெண்டு கொக்கு சிநேகம்."

பிள்ளைகள் அம்பலவாணரைப் பார்த்தார்கள். அவர் திருத்த வாயெடுத்தார். நாச்சியம்மை கையமர்த்தினார்.

"குளம் வத்திப்போச்சு. கொக்கு ரெண்டும் ஆமையை ஒரு கூடையில வெச்சு..."

"கூடை இல்லீங்க."

சொல்லிவிட்டுப் பூவாத்தா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். யாரும் சிரிக்கவில்லை.

"இல்லையா? பின்னே எதுல கொண்டுபோச்சு?" என்றார் நாச்சியம்மை, வழி கேட்பவரைப் போல.

விரல்களுக்கு நடுவிலிருந்து பதில் வந்தது. "குச்சிங்க. அப்புறம் அது கொக்கும் இல்லீங்க, அன்னம்."

அதற்குமேல் நாச்சியம்மைக்குக் கதை தெரியவில்லை. ஒவ்வொன்றாகக் கேட்டார், அவள்தான் சொன்னாள். சொல்லச் சொல்லக் கை வாயைவிட்டு இறங்கியது. ஆமை விழும் இடம் வந்தது.

"விழுறப்போ கீழே யாரு இருந்தாங்க?"

"ஊர்ச்சனமுங்க."

"நிறைய பேரா?"

"நிறைய."

"அவங்க என்ன செஞ்சாங்க?"

பூவாத்தா சுற்றி உட்கார்ந்திருந்தவர்களை ஒருமுறை பார்த்தாள். பிறகு அம்பலவாணரைப் பார்த்தாள்.

"சிரிச்சாங்க."

செங்கோடன்தான் மெல்லக் கேட்டான், ஒரு வேட்டியை ஆளுக்கொரு மூலையாக விரித்துப் பிடித்திருந்தால் ஆமை பிழைத்திருக்குமா என்று. வேட்டி கிழிந்துவிடும், ஆமை ஓடு என்ன கனம் தெரியுமா என்றாள் பூவாத்தா. சமுக்காளம் என்றால் தாங்கும் என்றான் இன்னொருவன். எத்தனை பேர் பிடிக்க வேண்டும் என்று சண்டை மூண்டது. எல்லாருடைய குரலுக்கும் மேலே பூவாத்தாவின் குரல் கேட்டது.

நாச்சியம்மை எழுந்து வெளியே வந்தார். அம்பலவாணர் பின்னாலேயே வந்தார்.

"நானும் இதே கதையைத்தானே சொன்னேன் அம்மா?"

"இதே கதைதானுங்க" என்றார் நாச்சியம்மை. "நீங்க ஆமைக்கு மட்டும் சொன்னீங்க."